அலசிய அம்பாசிடர்

என் வீட்டுக்காரர் முருகேஷ், வீரபாண்டியில் சாயப்பட்டறை மாஸ்டர். ஷேடு தவறி நிறம் பிசகிய துணியில் சாயத்தை உரித்ததும் தண்ணீரில் அலசுவது அவருக்குக் கைப்பழக்கம்.

பழைய அம்பாசிடரைப் புதுப்பிக்கிறேன் என்று வாசலில் நிறுத்தி, பெயிண்ட் ரிமூவர் தடவி, பனியன் வேஸ்ட் துணியால் துடைத்து, பெயிண்டை முழுதாக உரித்தார். வெறும் தகரம் வெள்ளிக்குடமாக மின்னியது. பழக்கதோஷத்தில் ஹோஸைப் பிடித்து அலசியும் விட்டார்.

காலையில் கார் முழுக்கத் துரு.

"இரும்பைப் போயி ஈரத்தோட உடுவாங்களா? ஏனுங்க, பேசுங்க!" என்று கத்தினேன்.

அவர் கூரையிலிருந்து கதவு வரை மெதுவாகத் தடவினார்.

"பாரம்மிணி, எங்கயும் திட்டுத்திட்டா இல்ல. மேலயும் கீழயும் ஒரே காவி. இத்தன வருசத்துல நா இப்படியொரு ஷேடு எடுத்ததே இல்ல."

வெயில் ஏறியது. கார் மொத்தமும் காவியில் ஒளிர்ந்தது. வைய வந்த நானும் கூரையிலிருந்து கதவு வரை தடவிப் பார்த்தேன்.