பக்கத்தில் போயும் பறக்காத வாத்துகள்

“வாட்ச்மேனை வேலைய விட்டுத் தூக்கிடுவாங்க போல. ஞாயித்துக்கிழமை படகுல ஒரு சுத்து வந்திருந்தா இவ்வளவு சாவு விழுந்திருக்காதுல்ல?” கையுறையைக் கழற்றாமலே சொன்னார் அண்ணி. அவர் கால்நடை மருத்துவர். ஏரிக்கரை நெடுக முந்நூறு வாத்துகள் சாக்குப் பைகளில் கிடந்தன.

ஞாயிற்றுக்கிழமை ஏரியில் நான் இருந்தேனே!

எங்கள் கல்லூரியிலிருந்து வாராவாரம் இந்த ஏரியில் பறவைகளை எண்ணுவோம், அன்றைக்கு என் முறை. ஊசிவால் வாத்து இருக்கிறதே, நூறடி தள்ளி நின்றாலே எழும்பிப் பறக்கிற ரகம். அன்றைக்கு இரண்டு முழத் தூரம் வரை போய்விட்டேன், ஒன்றுகூட அசையவில்லை! மனிதர்களுக்குப் பழகிவிட்டன என்றே நினைத்தேன், சத்தியமாக. சேற்றில் படுத்துப் படமாக எடுத்துத் தள்ளினேன்.

அப்போதுதான் வாட்ச்மேன் அண்ணன் துடுப்போடு வந்தார். “ஏம்மா, ஒரு சுத்து போயிட்டு வந்துடறேன். செத்தது கித்தது கெடந்தா எடுக்கணும்.”

“ஐயோ அண்ணே, கலைச்சுடாதீங்க! உங்களுக்குப் புண்ணியமாப் போகும், இன்னைக்கு ஒருநாள் விடுங்க.”

“எலி வாலைக் காட்டினாலும் நீ படமெடுப்ப” என்று சிரித்துக்கொண்டே துடுப்பைச் சுவரில் சாய்த்துவிட்டார்.

“ஞாயித்துக்கிழமை நான் கிட்டப் போயும் ஏன் அண்ணி அதுங்க பறக்கல?” சாக்குப் பைகளைப் பார்த்தபடி கேட்டேன்.

“எங்கேர்ந்து பறக்கும்? அழுகினதுல வளர்ற கிருமியோட விஷம் இது, மொதல்ல றெக்கைய முடக்கும், அப்புறம் கழுத்த. தலையத் தூக்க முடியாம தண்ணிலயே மூழ்கிடும். செத்ததுல புழு வைக்கும், விஷம் ஏறின அந்தப் புழுவைத் தின்னது அடுத்துச் சாகும். அன்னைக்கே செத்ததை எடுத்திருந்தா பாதியாச்சும் பொழைச்சிருக்கும்.”

வாட்ச்மேன் வீட்டுக்கு ஓடினேன். வேலை போனால் திருப்பிக் கொடுக்க வேண்டிய சீருடையை மடித்துக்கொண்டிருந்தார்.

“நான்தான் தடுத்தேன்னு ஏண்ணே சொல்லல?”

“சொன்னா? காலேஜ் பொண்ணு பேச்சைக் கேட்டு வேலைய விட்டியான்னு அதுக்கும் சேத்து வாங்கிக் கட்டிக்கணும். பேசாமப் போம்மா.”

போகவில்லை. மறுநாள் விசாரணையில் நானே எழுந்து எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அதிகாரி என் பக்கம் திரும்பவே இல்லை. வாட்ச்மேன் அண்ணனிடம்தான் கேட்டார்:

“யாரு வந்து சொன்னாலும் ட்யூட்டிய விட்டுடுவீங்களா?”

அண்ணன் தலையைக் குனிந்துகொண்டார். “தப்புதான் சார்.”

திங்கட்கிழமை முடிவு சொல்வார்களாம். நான் வாயைத் திறந்தது அவருக்கு நல்லதா, இருந்த ஒரு வாய்ப்பையும் கெடுத்துவிட்டேனா? நீங்கள் என்ன நினைக்கிறீர்கள், சொல்லுங்களேன்?