ராகியின் எடை

வெடி வைத்தது போன்ற சத்தத்துடன் குழந்தைகள் வார்டின் தரைக்கல் பிளந்தது. கட்டிலுக்கு அடியில் படுத்திருந்த ராகி என்ற நாயின் எடை திடீரென்று கூடியதுதான் காரணம். மைசூரின் அந்த மருத்துவமனையில் ராகியின் எடை கூடுவது புதிதல்ல. கல் பிளந்ததுதான் புதிது.

நோயாளிக் குழந்தைகளுக்குத் துணையாக இருக்கப் பழக்கி, சில ஆண்டுகளுக்கு முன் அழைத்து வந்த நாய் அது. கேழ்வரகு நிறம். யார் மீது தாடையை வைக்கிறதோ, அவர்களுடைய நோயின் கனம் அதன் உடம்பில் ஏறிவிடும் என்பது முதல் வாரத்திலேயே தெரிந்துபோயிற்று. சளிக் காய்ச்சலுக்கு ஒரு தேங்காய் அளவு கூடும். மஞ்சள் காமாலைக்கு அரிசி மூட்டை. சாயங்காலம் ஸ்ட்ரெச்சரில் ஏற்றித்தான் லிஃப்டில் இறக்குவார்கள். மரத்தடியில் ஓர் இரவு தூங்கினால் எல்லாம் வடிந்து, காலையில் படியேறி வந்துவிடும். டாக்டர் ஸ்கேன் எடுக்கச் சொன்னால், நாய் என்ன சொல்கிறது என்று பெற்றோர்கள் கேட்க ஆரம்பித்தார்கள். லீவு வேண்டிய குமாஸ்தாக்கள் சிலர் பிஸ்கெட் காட்டி அதை மடியில் படுக்க வைத்துப் பார்த்தார்கள். அது இறகுபோல லேசாகக் கிடந்து அவர்களைக் காட்டிக்கொடுத்தது.

ராகியைத் தினமும் கூட்டி வருபவள் மோலி. ராமாபுரத்துப் பெண், மைசூரில் அக்ரஹாரம் என்ற பேட்டையில் வாடகைக்கு இருப்பவள். கல் பிளந்த இடத்துக்கு மேலே கட்டிலில் கிடந்தது அவளுடைய எட்டு வயது மகள் நிம்மி. இதயத்தில் ஓட்டை, சற்று நேரத்தில் ஆபரேஷன். கட்டிலின் மறுபக்கம், அதன் அடியில் பாதம் நுழைய நின்றவர் அதைச் செய்யப்போகும் டாக்டர் யதுநந்தன். மேல்கோட்டைக் குடும்பம், மெல்லிய பேச்சு. அவருக்குக் கைராசி என்று ஊரே சொல்லும்.

ராகியின் தாடை யார் மீது இருந்தது என்று மோலி குனிந்து பார்க்கவில்லை. முந்தின நாள்கூட நிம்மியிடம் படுத்து எழுந்த ராகியை அவள் தனியாகவே தூக்கியிருக்கிறாள். இன்று கல்லே தாங்கவில்லை என்றால் மகள் மேஜையிலிருந்து எழுந்து வரமாட்டாள் என்று முடிவு கட்டினாள். ஆபரேஷன் வேண்டாம் என்றாள். நாள் தள்ளினால் குழந்தை தாங்காது என்றார் டாக்டர். கணவன் ரெஜி கொள்ளேகாலிலிருந்து பஸ்ஸில் வந்துகொண்டிருந்தான். போனில் அவன் பேச்சு வார்டுக்கே கேட்டது.

"நாய் பேச்சக் கேட்டு நம்ம புள்ளையக் கொன்னுபோடாத, மோலி. கையெழுத்துப் போடு."

போட்டாள். டாக்டர் கை கழுவப் புறப்பட்டார். ராகி எழுந்தது. நிம்மியின் பக்கம் திரும்பாமல் டாக்டரின் பின்னால் நடந்தது. அது கால் வைத்த இடமெல்லாம் கல் வெடித்தது. கீழ்த்தளத்து மருந்துக்கடையில் பாட்டில்கள் ஒன்றோடொன்று மோதின. பிளவுகளைத் தாண்டித் தாண்டி மோலியும் பின்னாலேயே போனாள்.

தியேட்டர் வாசலில் ராகி குறுக்கே படுத்துக்கொண்டது. டாக்டர் குனிந்து அதைத் தள்ளப் பார்த்தார். அவருடைய வலது கையின் மேல் அது தாடையை வைத்தது. கைக்கு அடியில் கருங்கல் இரண்டாகப் போயிற்று. வார்டு ஆட்கள் கூடித் தூக்கிப் பார்த்தும் அசையவில்லை.

"பேடா, வேண்டாம், இழுக்காதீங்க. கையே வந்துரும்" என்றாள் ஆயா தேவம்மா.

அந்தக் கற்களைப் பிற்பாடு மாற்றினார்கள். பழைய நிறம் கிடைக்கவில்லை. நிம்மிக்கு அன்று மாலை வேறொருவர் ஆபரேஷன் செய்தார், பிழைத்தாள். ராகி இன்றும் வேலைக்கு வருகிறது. டாக்டர்கள் காலையில் அதன் முன்னால் சற்று உட்கார்ந்து, அது தாடையை வைத்து எடுத்த பிறகுதான் உள்ளே போகிறார்கள். இதை யாரும் விசித்திரமாக நினைப்பதில்லை.

ஆனால் அந்தக் காலையில் மோலி நாயைப் பார்க்கவில்லை, டாக்டரின் முகத்தைத்தான் பார்த்தாள். அவருடைய நகங்கள் நீலம் பாய்ந்திருந்தன. முகத்தில் வலியின் சுவடே இல்லை. யாரோ மறந்து வைத்துவிட்டுப் போன பொருளைப் பார்ப்பதுபோல அவர் தன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வலிக்கலீங்களா, டாக்டர்?"

அவர் மற்றவர்களைத் தள்ளிப்போகச் சொன்னார். எல்லோரும் நகரும்வரை காத்திருந்தார்.

"மூணு மாசமா இந்த விரல்ல உணர்ச்சியே இல்லம்மா. உங்க பொண்ணுக்கு முன்னாடி யார் யாருக்குப் பண்ணேன்னு மட்டும் கேக்காதீங்கோ."