மூத்தாளுக்கு வைத்த ஆப்பிள் பஃப்

பிளக்கைப் பிடுங்கி ஒயரைச் சுருட்டி வைத்திருந்த ஓவனில் மணி அடித்தது. ஒரே ஒரு ‘டிங்’. அடுப்படி மூலையில் தண்ணீர் புழங்குகிற மோரியில் உட்கார்ந்து பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்த மாரீஸ்வரிக்குக் கை அப்படியே நின்றுவிட்டது. வீட்டில் வேறு யாரும் இல்லை. கொஞ்ச நேரத்தில் பட்டை வாசனை வந்தது. அன்றைக்கு அவள் ஆப்பிளைத் தொடவே இல்லை.

“அது ஸ்பிரிங்ல ஓடுற மணிளா. எப்பவோ திருகினது இப்ப வந்து நின்னிருக்கும்” என்றான் சாயங்காலம் வேலை விட்டு வந்த ராஜபாண்டி.

“பட்டை வாசனை?”

“பக்கத்து வீட்ல பிரியாணி போட்டிருப்பாவ.”

ஆண்பிள்ளைகளுக்கு எல்லாவற்றுக்கும் ஒரு ஸ்பிரிங்கும் ஒரு பக்கத்து வீடும் இருக்கத்தான் செய்கிறது. வீட்டில் தனியாக இருப்பவளுக்கு அப்படி இல்லை. அந்த ஓவன் கோமதியுடையது. கோமதி ராஜபாண்டியின் முதல் மனைவி. அவள் செத்து மூன்று மழைக்காலம் ஆகிவிட்டது.

தாராவியில் அந்தச் சந்துக்குள் நுழைந்து ‘கோமதி பஃப்’ என்று கேட்டால் இப்போதும் குழந்தை கூட வழிகாட்டும். ராஜபாண்டி வேலை பார்ப்பது காரி பேக்கரியில். டீயில் தொட்டுத் தின்கிற, கை பட்டாலே உதிர்ந்து போகிற உப்பு பிஸ்கட்டைத்தான் பம்பாயில் காரி என்பார்கள். வனஸ்பதி தடவி, மடித்து, தேய்த்து, மறுபடி மடித்து அடுக்கு அடுக்காக்கிய அந்த மாவில் ஒரு பாளத்தை அவன் ஈரத்துணியில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுவருவான். கோமதி அதைச் சதுரம் சதுரமாக வெட்டி, சர்க்கரையும் பட்டையும் போட்டு வதக்கிய ஆப்பிளை உள்ளே வைத்து முக்கோணமாக மடித்துச் சுடுவாள். மாட்டுங்கா மாமிகள் முட்டை இல்லை என்று கேட்டு உறுதி செய்துகொண்டு வாங்குவார்கள். செம்பூரிலும் அணுசக்தி நகரிலும் பிறந்தநாள் என்றால் முதல் நாளே சொல்லி வைப்பார்கள். கடித்தால் மேல் ஓடு சத்தம் போட வேண்டும், சட்டையெல்லாம் உதிர வேண்டும். அதுதான் கோமதி பஃப்.

ஒரு மழைக்காலத்துக் காய்ச்சலில் அவள் போனாள். கடைசி ஆர்டரை முடித்துக் கொடுத்துவிட்டுத்தான் படுத்தாள் என்று சந்தில் பெருமையாகச் சொல்வார்கள். இதில் என்ன பெருமை இருக்கிறதோ தெரியவில்லை. ராஜபாண்டி நிஜமாகவே அழுதான், தாடி வைத்துக்கொண்டு திரிந்தான். பிறகு அவன் அம்மா சொர்ணம்மாள், ஆண்டாப் ஹில்லில் சித்தி வீட்டில் ஒண்டிக்கொண்டிருந்த மாரீஸ்வரியைப் பார்த்துப் பேசி முடித்தாள். தாலிக்கொடியில் மூத்தாள் பெயருக்கு ஒரு சின்னத் தங்கப் பொட்டையும் கோத்துத்தான் கட்டினார்கள். கழுத்தில் பொட்டு வந்த வாரமே கைக்கு ஓவன் உறையும் வந்துவிட்டது. நீ இதைச் செய்வாயா என்று ஒருவரும் கேட்கவில்லை. ஓவன் இருந்தது, ஆர்டர் இருந்தது, அவள் இருந்தாள்.

ஆனால் அவள் சுட்டால் பஃப் எழும்பாது. அதே மாவு, அதே ஆப்பிள், அதே சூடு. கோமதிக்கு அடுக்கு அடுக்காகப் பூத்தது, இவளுக்குத் தட்டையாக, தோசைக்கல்லில் போட்ட மாதிரி கிடக்கும். வாங்குகிறவர்கள் நல்லவர்கள், பழைய ஞாபகத்துக்கு வாங்கினார்கள். போன வருஷம் அவள் வயிற்றில் இருந்ததும் மூன்றாம் மாதத்திலேயே தங்காமல் போயிற்று. அன்றைக்குக் காலையிலும் அந்த மணி தானாக அடித்தது. இதை மாரீஸ்வரி யாரிடமும் சொல்லவில்லை.

இப்போது மறுபடி வயிற்றில், ஐந்தாம் மாதம். மறுபடி மணி அடிக்க ஆரம்பித்திருக்கிறது. எப்படித் தூக்கம் வரும்?

கடைசியில் மாமியாரிடம்தான் சொன்னாள். சொர்ணம்மாள் வெற்றிலையை மெல்லுவதை நிறுத்தினாள்.

“நான் அப்பவே நினைச்சேன்ட்டி. மூத்தா மனசு குளிரலை. வெள்ளிக்கிழமை அவளுக்குப் படையல் போட்டுருவோம். சேலை எடுத்து வச்சு, அவளுக்குப் புடிச்சதைச் செஞ்சு வச்சு, உத்தரவு கேப்போம். அவ வழி விட்டாத்தான் இந்தப் பிள்ளை தங்கும்.”

“அவுகளுக்கு என்ன புடிக்கும் அத்தே?”

“இது என்ன கேள்வி? ஆப்பிள் பஃப்தான். நாளெல்லாம் அதோடதான கிடந்தா.”

ராஜபாண்டியிடமும் கேட்டாள். அவனும் யோசிக்காமல் அதையே சொன்னான்.

வெள்ளிக்கிழமை மாரீஸ்வரி தலைக்குக் குளித்துவிட்டு மாவைப் பிரித்தாள். ஆப்பிளைத் தோல் சீவிப் பொடியாக நறுக்கினாள், எலுமிச்சை பிழிந்தாள், சர்க்கரை பாகாகும் வரை வதக்கி ஆற வைத்தாள். படையலுக்குச் செய்வதை ருசி பார்க்கக் கூடாது. நாக்கில் வைக்காமல் வாசனையை வைத்தே இறக்கினாள். சதுரம் வெட்டி, ஆப்பிளை வைத்து, மடித்து, ஓரத்தை முள்கரண்டியால் அழுத்தி, மேலே பாலைத் தடவினாள். வெட்டி மிஞ்சிய ஓரத்துண்டுகளையும் தட்டின் மூலையில் போட்டு உள்ளே தள்ளினாள். “அக்கா, இன்னைக்கு ஒருநா மானத்தைக் காப்பாத்துங்க” என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டாள்.

கண்ணாடி வழியாகப் பார்த்தாள். பஃப் எழும்பிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு அடுக்காக, யாரோ உள்ளேயிருந்து ஊதுகிற மாதிரி. இரண்டு வருஷமாக எழும்பாதது இன்றைக்கு எழும்புகிறதே என்று சந்தோஷப்பட வேண்டியவள், இரண்டடி பின்னால் போய்ச் சுவரோடு நின்றாள்.

“வந்துட்டா” என்றாள் சொர்ணம்மாள், தட்டைப் பார்த்து.

விளக்கு வைக்கிற நேரத்தில் கோமதியின் போட்டோவுக்கு முன்னால் வாழையிலை போட்டு, புதுச்சேலை, பூ, மஞ்சள், குங்குமம், நடுவில் பஃப்புகளை வைத்தார்கள். சூடம் காட்டிவிட்டு மூன்று பேரும் வெளியே வந்து கதவைச் சாத்தினார்கள். படையல் போட்டால் அப்படித்தான், வருகிறவர்கள் வெட்கப்படாமல் சாப்பிட வேண்டும். சந்தில் தையல் மெஷின்கள் ஓடிக்கொண்டிருந்தன. உள்ளே என்ன நடக்கிறது என்று ஒன்றும் கேட்கவில்லை.

கதவைத் திறந்தபோது இலையெல்லாம் பொருக்கு உதிர்ந்து கிடந்தது. முதல் பஃப்பின் மேல் ஓடு இல்லை. ஓரத்து மொறுமொறுப்பு இல்லை. ஆப்பிள் மட்டும் ஒரு துண்டு குறையாமல் அப்படியே இருந்தது. சாம்பாரில் கிடக்கிற கறிவேப்பிலையை ஒதுக்குவதுபோல இலை ஓரத்தில் ஒதுக்கி வைக்கப்பட்டிருந்தது.

“எலி” என்றான் ராஜபாண்டி. குரல் அவ்வளவு திடமாக இல்லை.

“வாயை மூடுல. ஏத்துக்கிட்டா எம் மருமவ” என்று சொர்ணம்மாள் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

மாரீஸ்வரி மட்டும் அந்த ஆப்பிளையே பார்த்துக்கொண்டு நின்றாள். எந்த எலி இனிப்பை ஒதுக்கிவிட்டு வெறும் மாவைத் தின்னும்? ஏற்றுக்கொண்டவள் இலை ஓரத்தில் ஒதுக்குவாளா? அக்காவுக்கு ஏதோ பிடிக்கவில்லை. பிள்ளைக்கு உத்தரவு கிடைக்கவில்லை.

மறுநாள் காலையில் எதிர்வீட்டு ருக்சானாவிடம் போனாள். ருக்சானா பைகளுக்கு ஜிப் தைக்கிறவள். லக்னோ பக்கத்துக்காரி, சந்தில் இருந்து இருந்து தமிழ் ஒட்டிக்கொண்டுவிட்டது. கோமதி பேச்சை எடுத்தாலே வீட்டில் அழுகையோ பெருமையோதான் வரும், விஷயம் வராது. விஷயம் தெரிந்தவள் இவள் ஒருத்திதான்.

“ஆப்பிளா?” என்று ருக்சானா மெஷினை நிறுத்தினாள். “அரே, அவளுக்கு ஆப்பிளே ஆகாதுடி. அந்த வாசனை மூக்குல ஏறிப்போச்சு, சோறு எறங்கலைன்னு சொல்லுவா. ஒரு பஃப் முழுசா தின்னு நான் பார்த்ததே இல்ல. வெட்டிப்போட்ட ஓரம் இருக்கில்ல, அதை எடுத்துட்டு வந்து இந்தப் படியில குந்தி கரக் கரக்னு தின்னுவா.”

மாரீஸ்வரி படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

“அப்போ அவுகளுக்கு என்னதான் புடிக்கும்?”

“சாய். அவ்வளவுதான். யாராவது ஒருநாள் எனக்கு டீ போட்டு, ரெண்டு காரி வச்சு, குந்தி குடின்னு சொல்லணும் ருக்சானான்னு சொல்லுவா. சொல்லிட்டுச் சிரிப்பா. நான் போட்டுக் குடுத்தா குடிக்க மாட்டா. உன் கையில இல்ல, அந்த வீட்டுல கெடைக்கணும்பா. அதுக்குள்ள மணி அடிச்சிடும். ஓடிப்போவா.” ருக்சானா முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். “காய்ச்சல் அன்னிக்கும் மணி அடிச்சுது. ஓடினா.”

காரி பேக்கரிக்காரன் பெண்டாட்டி. அவன் கொண்டுவந்ததெல்லாம் பச்சை மாவு, வேக வேண்டிய மாவு, வேலை செய்ய வேண்டிய மாவு. வெந்த காரி ஒன்று அந்த வீட்டுக்குள் வந்ததில்லை. மாரீஸ்வரிக்குக் கோபம் வந்தது. யார்மேல் என்று முதலில் தெரியவில்லை. இத்தனை நாள் அவள் கோமதியைக் கண்டு பயந்திருந்தாள். இப்போது கோமதியைப் போல ஆகிவிடுவோமோ என்று பயந்தாள். பின்னதுதான் பெரிய பயம். அதைப் படையல் போட்டுத் தீர்க்க முடியாது.

அன்று சாயங்காலம் ராஜபாண்டி மாவுப் பாளத்தோடு வந்தபோது அடுப்பும் பற்றவில்லை, ஓவனும் எரியவில்லை. மாரீஸ்வரி தரையில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள்.

“மேலுக்குச் சரியில்லையா?”

“நல்லாத்தான் இருக்கேன். திரும்பிப் போய் வெந்த காரி வாங்கிட்டு வாங்க. அக்காவுக்கு வைக்கணும். வந்து நீங்க டீ போடணும்.”

“நானா?”

“ஆம்பிளப்பிள்ளைய அடுப்புல நிறுத்துதியா?” என்று சொர்ணம்மாள் எழுந்தாள். “தள்ளு, நான் போடுதேன்.”

“வேண்டாம் அத்தே. அவுக கையாலதான் போடணும். நேத்து நாம தப்பாப் படைச்சிட்டோம்.” ருக்சானா சொன்னதை ஒன்று விடாமல் சொன்னாள். குரலை உயர்த்தவில்லை. “பேரப்பிள்ளை வேணும்னா விட்ருங்க.”

சொர்ணம்மாள் போய் மூலையில் உட்கார்ந்தாள். ராஜபாண்டி செருப்பை மாட்டினான். சூடு ஆறாத காரிப் பொட்டலத்தோடு திரும்பி வந்தான்.

பால் எந்தப் பாத்திரத்தில், தேயிலை எந்த டப்பாவில் என்று அவனுக்குத் தெரியவில்லை. மாரீஸ்வரி உட்கார்ந்த இடத்திலிருந்தே கையைக் காட்டினாள். பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்தது. தேயிலையை அள்ளிப் போட்டான். சர்க்கரை டப்பாவைத் திறந்தான், ஸ்பூனைப் பிடித்தபடி நின்றான்.

“அவளுக்கு எத்தனை போடணும்?”

அம்மாவைப் பார்த்தான். சொர்ணம்மாள் தலையைக் குனிந்துகொண்டாள். மாரீஸ்வரிக்கு எப்படித் தெரியும்?

“அவ டீ குடிச்சு நான் பாத்ததில்லளா” என்றான். “எனக்குக் குடுப்பா. நான் குடிப்பேன். கிளாஸை வாங்கிட்டுப் போவா.” கண்ணைத் துடைத்துக்கொண்டு, குத்துமதிப்பாக இரண்டு ஸ்பூன் போட்டுக் கலக்கினான்.

கண்ணாடிக் கிளாஸில் ஊற்றி, தட்டில் காரி வைத்து, போட்டோவுக்கு முன்னால் கொண்டுபோய் வைத்தான். இலை இல்லை, சூடம் இல்லை. “குந்திக் குடி கோமதி” என்றான்.

மாரீஸ்வரி வயிற்றில் கை வைத்துக்கொண்டு சொன்னாள். “அக்கா, நிதானமாக் குடிங்க. இன்னைக்கு ஓவன் போடலை, மணி அடிக்காது. குடிச்சு முடிச்சிட்டு இந்தப் பிள்ளைக்கு உத்தரவு குடுங்க.”

வெளியே வந்து கதவைச் சாத்தினார்கள். சனிக்கிழமை, தையல் மெஷின்கள் சீக்கிரமே நின்றிருந்தன. எதிர்ப்படியில் ருக்சானா முக்காட்டை இழுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். முதலில் காரி உடைகிற சத்தம் கேட்டது, மெல்ல. அதற்குப் பிறகு, சூடான டீயை உதட்டை நீட்டி உறிஞ்சுகிற சத்தம். நடுவில் நின்றது. மறுபடி கேட்டது. அவசரமே இல்லை.

சொர்ணம்மாள் சுவரைப் பிடித்துக்கொண்டாள். ராஜபாண்டி கதவையே பார்த்துக்கொண்டிருந்தான். எலி என்று அவன் சொல்லவில்லை. அவன் முகத்தில் பயம் இருந்தது, அதைவிட அதிகமாக வேறொன்று இருந்தது. திடீரென்று திரும்பி, யாருக்கும் தொந்தரவு ஆகிவிடக் கூடாது என்பதுபோலத் தாழ்ந்த குரலில் மாரீஸ்வரியைக் கேட்டான்.

“ஒனக்குச் சக்கரை எத்தனை?”

“எனக்குச் சக்கரை வேண்டாம்” என்றாள். “இஞ்சி தட்டிப் போடணும்.”

அவன் தலையாட்டினான். உள்ளே கிளாஸைத் தரையில் வைக்கிற சத்தம் கேட்ட பிறகுதான் அவன் கதவைத் திறந்தான்.