சிவனேஸ்வரியின் வாக்கு

1

இந்தக் கதை ஓர் அரைப்பக்க வாழ்த்துச் செய்தியாகத்தான் தொடங்கியது. 1997 ஒக்டோபரில், கிழக்கு லண்டன் நீதிமன்றம் ஒன்றின் நீதவான்கள் தங்கள் தலைவராகச் சிவனேஸ்வரியைத் தேர்ந்தெடுத்தார்கள். எங்கள் தமிழ்ச் சங்கத்தில் மலருக்கு ஏதாவது எழுதித் தரச் சொன்னார்கள். ஃபாரஸ்ட் கேட் பகுதியில் அவருடைய வீட்டுக்குப் போய் இரண்டு மணித்தியாலம் கதைத்துவிட்டு வந்தேன். வாழ்த்துச் செய்தி எழுத வரவில்லை. இது வந்தது.

முதல் வரி: ‘நீதி சிவனேஸ்வரியின் இரத்தத்திலேயே ஊறிய—’

(வெட்டிவிட்டேன். தகப்பனுக்கு யாழ்ப்பாணத்துக் கொக்குவிலில் சைக்கிள் கடை. இவருக்கு இங்கே பஸ் டிப்போவில் வேலை. சாரதிகளுக்கு ஷிப்ட் போட்டுக் கொடுப்பவர்.)

இரண்டாவது வரி: ‘1986இல் பத்திரிகை விளம்பரம் ஒன்றைப் பார்த்து விண்ணப்பித்தார்.’ இது உண்மை. இதிலிருந்தே போவோம்.*

* இங்கே நீதவானாகச் சட்டம் படித்திருக்கத் தேவையில்லை. சம்பளமும் கிடையாது. ஊர்ச் சனத்தில் மூன்று பேர் சேர்ந்திருந்து சின்ன வழக்குகளை விசாரிப்பார்கள். நடுவில் இருப்பவர்தான் பேசுவார்.

2

1988. சிவனேஸ்வரி இடப்பக்கக் கதிரையில் இருந்தார். குற்றம் சாட்டப்பட்டவர் தியாகராஜா. லண்டனுக்கு வந்து ஒரு வருடம்தான். வாடகை வீட்டுக்காரரைத் தள்ளி விழுத்தினார் என்பது வழக்கு. ஏன் தள்ளினீர் என்று கேட்டார்கள்.

“அவர் எனக்குப் பேசினவர். அதுதான் தள்ளினனான்.”

மொழிபெயர்ப்பாளர் கல்யாணசுந்தரம் தமிழ்நாட்டுக்காரர், நேர்மையான மனிதர். அவருக்குத் தெரிந்த தமிழின்படி அதைச் சரியாகவே ஆங்கிலத்தில் சொன்னார்: “அவர் என்னோடு பேசினார், அதனால் தள்ளினேன்.” நடுவில் இருந்தவரின் புருவம் உயர்ந்தது. பேசினதற்கா ஒருவன் தள்ளுவான்?

யாழ்ப்பாணத்தில் ஒருவர் ‘பேசினவர்’ என்றால் ஏசினார், திட்டினார் என்று பொருள். அந்த அறையில் அது தெரிந்த ஆட்கள் இரண்டே பேர். ஒருவர் கூண்டில், மற்றவர் மேடையில்.

[இங்கே ஓர் உரத்த காட்சி எழுதியிருந்தேன்: சிவனேஸ்வரி எழுந்து நின்று, சபை அதிர— இல்லை. அவர் நடுவில் இருந்தவரின் காதில் இரண்டு சொல் சொன்னார். மூவரும் பின்னறைக்குப் போனார்கள்.]

நடுவில் இருந்தவர் வழக்கை முடிக்கும் அவசரத்தில் இருந்தார். சரியான பொருளை இங்கேயே சொல்லிவிடுங்கள், மனதில் வைத்துக்கொண்டு தொடருவோம் என்றார். சிவனேஸ்வரி மறுத்தார். நான் சொன்னால் அது சாட்சியம், சாட்சியத்தை இரு தரப்பும் கேட்டுக் குறுக்கு விசாரணை செய்ய முடியவேண்டும், பின்னறையில் சொல்வது சரியில்லை என்றார். திரும்பிப் போய், மொழிபெயர்ப்பில் ஒரு சொல் பிழையாகிவிட்டது என்று சபையில் அறிவிக்க வைத்துவிட்டு, வழக்கிலிருந்து விலகினார். அன்றைய விசாரணை முழுவதும் வீண். இனி இவருக்கு முக்கியமான வழக்கு எதுவும் தரமாட்டார்கள் என்று தாழ்வாரத்தில் பேசிக்கொண்டார்கள்.

3

அன்று பின்னேரம் பஸ் தரிப்பிடத்தில் தியாகராஜா அவரைக் கண்டுகொண்டார்.

“அக்கா, எங்கட ஆள் இருக்கிறா எண்டு நம்பி நிண்டனான். எழும்பிப் போட்டியளே.”

“இந்த வழக்கைப் பற்றி உங்களோடை நான் கதைக்க ஏலாது,” என்றார் சிவனேஸ்வரி.

வந்த பஸ்ஸில் ஏறிவிட்டார். தியாகராஜாவைக் கைவிட்டுவிட்டேனோ என்ற நினைப்பு ஆறு கிழமை அவரை விடவில்லை.

எனக்குத் தியாகராஜாவை விடுதலை செய்ய ஆசை. பேனா என் கையில்தானே. சிவனேஸ்வரி சம்மதிக்கவில்லை, நடந்ததை எழுது என்றார். நடந்தது இது: மறுவிசாரணையில் வேறு மூன்று நீதவான்கள், வேறு மொழிபெயர்ப்பாளர். தள்ளியது குற்றம்தான் என்றார்கள். ஆனால் வீட்டுக்காரர் சொன்ன வசவுகளை முழுதாகக் கேட்டபின், தண்டனை எதுவும் இல்லாமல் அனுப்பினார்கள்.

4

தாழ்வாரத்தில் பேசிக்கொண்டது பலிக்கவில்லை. 1991இல் அவருக்கு நடுக்கதிரை கிடைத்தது. விசாரணை தொடங்குமுன் மொழிபெயர்ப்பாளரும் குற்றம் சாட்டப்பட்டவரும் பத்து நிமிடம் கதைத்துப் பார்க்கவேண்டும் என்று கேட்டுக் கேட்டே வழக்கமாக்கினார். புதிதாக வந்தவர்கள் தங்கள் சந்தேகங்களோடு அவரைத் தேடி வரத் தொடங்கினார்கள்.

பிறகு அந்தத் தேர்தல். எதிரே நின்றவர் ஓய்வுபெற்ற பள்ளி அதிபர் ஹரிஸ். அவருக்கு அனுபவம் கூடுதல், என்னைவிட அவர்தான் பொருத்தம் என்று முதல் நாள் காலை சிவனேஸ்வரி கணவரிடம் சொல்லியிருக்கிறார். முடிவு: ஐம்பத்தெட்டு, ஐம்பத்தேழு. ஒரே வாக்கால் சிவனேஸ்வரி.

அப்படியானால் அவர் யாருக்குப் போட்டார்? தனக்கென்றால், தன் கையாலேயே வென்றார். ஹரிஸுக்கென்றால், அவர் தனக்கெதிராகவே வாக்களித்தும் மற்றவர்கள் அவரை வெல்ல வைத்தார்கள். இரண்டையும் எழுதிப் பார்த்தேன். இரண்டிலும் அவரை எனக்குப் பிடித்திருந்தது. கடைசியில் கேட்டே விட்டேன்.

“அது ரகசிய வாக்கு, பிள்ளை. நான் போட்டதெண்டதாலை அது பகிரங்கமாகாது.”

ஆகவே என் பிரதியில் அந்த இடம் இப்படி நிற்கிறது: ‘சிவனேஸ்வரி வாக்குச் சீட்டை எடுத்துக்கொண்டு மூலை மேசைக்குப் போனார். இரண்டு பெயர்களையும் நிதானமாக வாசித்தார். பென்சிலை எடுத்து—’

இவ்விடத்தில் நான் மறுபக்கம் திரும்பி நின்றுகொண்டேன். நீங்கள் எட்டிப் பார்ப்பதானால் பாருங்கள். எனக்குச் சொல்லவேண்டாம்.