வலக்கைத் துணி

சாப்பாடு முடிந்து தெருவே படுத்துவிட்ட பிறகும் ஆரோக்கியம் வண்டிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். விடிவதற்குள் வேளாங்கண்ணிக்குக் கிளம்ப வேண்டும். செயினுக்கு ஆயில் விட்டாயிற்று, டயருக்குக் காற்று பார்த்தாயிற்று. இனிமேல் செய்ய ஒன்றுமில்லை, ஆனாலும் பழந்துணியை வைத்து டேங்கைத் துடைத்துக்கொண்டே இருந்தார். உள்ளே பாயில் படுத்திருந்த மகள் ரோஸ்லினுக்கு அந்தச் சத்தம் நெஞ்சில் தேய்ப்பது போலிருந்தது. அந்த வண்டி நாளைக்கு நிறுத்த நினைக்கும்போது நிற்காமல் போகலாம் என்பது அந்த வீட்டில் அவள் ஒருத்திக்குத்தான் தெரியும். பின்சீட்டில் அம்மா வேறு உட்கார்ந்திருப்பாள்.

பாகூரிலிருந்து திருபுவனை கம்பெனிக்குத் தினமும் அந்த வண்டியில்தான் ஆரோக்கியம் போய்வந்தார். ஒரு வருஷமாக வலக்கை மரத்துப்போகிறது. ஆக்சிலேட்டரை முறுக்கிப் பிடித்த விரல்கள் வீட்டுக்கு வந்த பிறகும் விரியாது. சோற்றைப் பிசைந்துகொண்டிருக்கும்போதே கையை உதறுவார். இந்த லட்சணத்தில் கடலூர், சிதம்பரம், காரைக்கால் என்று வேளாங்கண்ணி வரை எப்படி ஓட்டுவது?

அதற்கு அவரோடு வேலை பார்க்கும் அன்புராஜ் ஒரு வழி கண்டுபிடித்தான். ஆன்லைனில் ஒரு த்ராட்டில் லாக் வரவழைத்துக் கொடுத்தான். வளையல் மாதிரி ஒரு இரும்பு வளையம். ஆக்சிலேட்டர் பிடிக்குப் பக்கத்தில் மாட்ட வேண்டும். கட்டைவிரலால் மேல் பட்டனை அமுக்கினால் முறுக்கின இடத்திலேயே பிடி நின்றுவிடும், வண்டி அதே வேகத்தில் போய்க்கொண்டிருக்கும். கீழ் பட்டனை அமுக்கினால் விட்டுவிடும்.

ஒரு வாரமாகத் தெருவில் யார் போனாலும் கூப்பிட்டு அதைக் காட்டிக்கொண்டிருந்தார் ஆரோக்கியம்.

அவர் மனைவி ஸ்டெல்லாவுக்கு அது பிடிக்கவில்லை. "கைய வுட்டுட்டு வண்டி ஓட்டுறதுக்கு இன்னா பேரு தெரியுமா? கொழுப்பு."

"கைய எங்கடி வுடுறன்? கை மேலதான் இருக்கும். முறுக்கிப் புடிக்கிற வேலைய மட்டும் அது பாத்துக்கும்."

"மாதா பாத்துக்குவாங்க. நீ போயி வளையத்த நம்புற."

அவள் தன் பங்குக்கு இரண்டு முழக் காவித் துணியைக் கோயிலுக்கு எடுத்துப்போய்ச் சாமியாரிடம் மந்திரித்து வாங்கி வந்தாள். வேளாங்கண்ணிக்குப் போகிற வண்டிகளில் ஹேண்டில் பாரில் காவித் துணி பறக்காத வண்டி கிடையாது. அதை மாதா கோயில் போய்ச் சேருகிற வரைக்கும் அவிழ்க்கக் கூடாது. இன்று மத்தியானம் அதை ரோஸ்லினிடம் கொடுத்து, "வலது பக்கம் கட்டுடி. இறுக்கிக் கட்டு" என்று சொல்லிவிட்டு நூறு நாள் வேலை பார்த்த களைப்பில் படுத்துவிட்டாள். நைட் ஷிப்ட் முடிந்து வந்த ஆரோக்கியமும் உள்ளே தூங்கிக்கொண்டிருந்தார்.

ரோஸ்லின் கட்டினாள். கட்டிய கையோடு அந்தப் பட்டனைத் தொட்டுப் பார்த்தாள். சாவி வண்டியிலேயே இருந்தது.

வண்டி ஓட்ட அவளுக்குத் தெரியும். அறுப்பு முடிந்த வயலில் ஞாயிற்றுக்கிழமைகளில் அப்பாவே பழக்கிவிட்டார். "பதினெட்டு முடியட்டும், லைசென்ஸ் எடுத்துக்கலாம். காலேஜிக்கு இதுலயே போ. அதுக்குள்ள ரோட்டுல சக்கரம் உருண்டுச்சுன்னு தெரிஞ்சுது, சாவிய ஏரியில போட்டுருவன்" என்றும் சொல்லியிருந்தார். காலேஜுக்கு வண்டியில் போவதை அவள் தோழிகள் எல்லாரிடமும் சொல்லி வைத்திருந்தாள்.

வண்டியை எடுத்துக்கொண்டு போனாள். ஏரிக்கரை ரோடு காலியாகத்தான் கிடந்தது. நேரான இடம் வந்ததும் மேல் பட்டனை அமுக்கினாள். கையைத் தளர்த்தினாள். வண்டி தன் பாட்டுக்குப் போயிற்று. காற்று முகத்தில் அடிக்க அவள் சத்தமாகச் சிரித்தாள்.

அப்போதுதான் கரை மேலிருந்து ஆடுகள் இறங்கின.

கீழ் பட்டனை அமுக்கினாள். விடவில்லை. மறுபடியும் அமுக்கினாள். பிடியை இரண்டு கையாலும் திருப்பப் பார்த்தாள். இறுகிக்கொண்டு அசையவே இல்லை. பிரேக்கை மிதித்தாள், வண்டி முன்னால் இழுத்தது. ஆடுகள் பெரிதாகிக்கொண்டே வந்தன. என்ன தோன்றியதோ கிளட்சைப் பிடித்தாள். இன்ஜின் வீறிட்டது. இன்ஜினை நிறுத்தும் சிவப்பு சுவிட்ச் ஞாபகம் வந்து அதைத் தட்டினாள். வண்டி ஒரு கிடாவின் வாலுக்குப் பக்கத்தில் போய் நின்றது.

"எவ வூட்டுப் பொண்ணுடி நீ? கண்ணு தெரியல?" என்று ஆட்டுக்காரர் கத்தினார். அவள் குனிந்து பார்த்தாள். துணியின் தொங்கல் வளையத்துக்கும் சுவிட்ச் பெட்டிக்கும் நடுவில் போய்ச் சுருண்டு ஆப்பு மாதிரி இறுகியிருந்தது. பல்லால் கடித்து இழுத்த பிறகுதான் பிடி டக்கென்று திரும்பியது.

வீட்டுக்கு வந்து துணியை அவிழ்த்து இடது பக்கம் கட்டி வைத்தாள். அதோடு முடிந்தது என்று நினைத்தாள். சாயங்காலம் ஸ்டெல்லா பார்த்துவிட்டாள்.

"இன்னாடி இது? அவுருக்கு நோவுறது வலக்கை. எடக்கைக்கா வேண்டிக்கிட்டன்?" என்று திட்டிக்கொண்டே தன் கையால் அவிழ்த்து, வலப்பக்கம் மூன்று முடிச்சுப் போட்டு, தொங்கலை நீளமாக விட்டுவிட்டாள்.

வெளியே துணி தேய்க்கும் சத்தம் நின்றது. அப்பா கையைச் சுவரில் மெல்லத் தட்டிக்கொள்வது கேட்டது. மரப்பு விடாதபோது அப்படித்தான் தட்டுவார். ரோஸ்லின் எழுந்து வாசலுக்கு வந்தாள்.

"தூங்கலயா?"

"ப்பா, அந்த லாக்க கழட்டிரு."

"ஏன், ஒங்கம்மா சொல்லி அனுப்புனாளா?"

"இல்லப்பா. கழட்டிரு. இல்லன்னா துணிய கழட்டிரு. ரெண்டும் ஒண்ணா இருக்கக் கூடாது." அவள் நைட்டியின் ஓரத்தை முறுக்கிக்கொண்டு நின்றாள். "துணி உள்ள போய் மாட்டிக்குது. பட்டன அமுக்குனாலும் வுட மாட்டேங்குது."

"ஒனக்கு எப்படித் தெரியும்?"

அவள் சொல்லிவிட்டாள். ஏரிக்கரை, ஆடு, கிடாவின் வால் எல்லாவற்றையும். சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது. முடிந்ததும், "கிளட்ச்ச புடிச்சியா?" என்றார்.

"ம்."

"ஆஃப் பண்ணியா?"

"ம்."

"அடி கிடி பட்டுச்சா?"

அவள் இல்லையென்று தலையாட்டினாள். அவர் அவளுடைய கை முட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு வண்டியை சென்டர் ஸ்டாண்டில் ஏற்றி, நியூட்ரலில் வைத்து ஸ்டார்ட் செய்தார். கொஞ்சம் முறுக்கி மேல் பட்டனை அமுக்கினார். கீழ் பட்டனை அமுக்கினார். சத்தம் இறங்கியது. "நல்லாத்தான வுடுது" என்றார். மறுபடியும் முறுக்கினார். காற்றில் பறப்பது போலத் தொங்கலை அவளே எடுத்து இடுக்கில் விட்டாள். வளையம் அதை உள்ளே இழுத்துக்கொண்டது. அவர் மேல் பட்டனை அமுக்கி, பிறகு கீழ் பட்டனை அமுக்கினார். இன்ஜின் இறங்கவில்லை. கட்டைவிரல் வெளுக்க அமுக்கினார். அது கத்திக்கொண்டே இருந்தது.

எதிர்வீட்டுச் சின்னப்பிள்ளை அக்காவின் குரல் வந்தது. "ஏன்டா ஆரோக்கியம்! வேளாங்கண்ணிக்கு வூட்டுலேர்ந்தே முறுக்கினு போறியா? புள்ளைங்க தூங்குதுடா!"

"தோ, நிறுத்திட்டன்க்கா." சுவிட்சைத் தட்டினார். தெரு மறுபடியும் அமைதியாயிற்று.

ஸ்டெல்லா முடியை அள்ளி முடிந்துகொண்டு வாசலில் வந்து நின்றாள். ஆரோக்கியம் நடந்ததைச் சொன்னார். ரோஸ்லின் ரோட்டில் ஓட்டியதை விட்டுவிட்டு, துணி மாட்டிக்கொள்வதை மட்டும் சொன்னார். ரோஸ்லினே, "நான்தாம்மா ஏரிக்கரையில ஓட்டுனன்" என்றாள்.

ஸ்டெல்லாவின் கை ஓங்கியது. ஓங்கிய கை அவள் தோளைப் பிடித்து இழுத்துத் தன்னோடு அணைத்துக்கொண்டது. "பாவி, பாவி" என்று முதுகில் இரண்டு போட்டாள். பிறகு வண்டியைப் பார்த்தாள்.

"அந்த வளையத்த கழட்டி எறி. மந்திரிச்ச துணிய வழியில அவுக்கக் கூடாது."

"நா இன்னும் கெளம்பவே இல்லடி. வழி எங்க வந்துச்சு?" என்றார் ஆரோக்கியம். "அது இல்லாம சிதம்பரம் தாண்ட மாட்டன். கை வுட்டுரும். அப்பறம் நீதான் ஓட்டணும்."

அவர் மறுபடியும் அந்தக் கையை உதறினார். ஸ்டெல்லா அதைப் பார்த்தாள். பிறகு குனிந்து, மூன்று முடிச்சையும் நகத்தால் ஒவ்வொன்றாக நெகிழ்த்தி, துணியை உருவி எடுத்தாள்.

"நீட்டு."

"எதுக்கு?"

"கைக்குத்தான வேண்டிக்கிட்டன். வண்டிக்கா வேண்டிக்கிட்டன்?"

அவருடைய வலது மணிக்கட்டில் துணியை நாலு சுற்றுச் சுற்றினாள். மிச்சத் தொங்கலை உள்ளே மடித்துச் செருகினாள். செருகியது நிற்கிறதா என்று ரோஸ்லினும் விரல் விட்டு இழுத்துப் பார்த்தாள். நின்றது.

"சாவிய ஏரியில போடறன்னு சொன்னன்ல?" என்றார் ஆரோக்கியம் மகளிடம். "இப்ப போட்டா நா எதுல போறது? வந்து போடறன். போய்த் தூங்கு."

விடியுமுன் அன்புராஜ் தன் வண்டியில் வந்து ஹாரன் அடித்தான். ஆரோக்கியத்தின் மணிக்கட்டைப் பார்த்து, "இன்னாண்ணா, கை ஒடஞ்சிடுச்சா?" என்றான். "ஒங்க அண்ணி கட்டுனது, பேசாம வா" என்று சொல்லிவிட்டு அவர் கிளம்பினார். ஸ்டெல்லா பின்னால் உட்கார்ந்து, பள்ளிக்கூடம், அடுப்பு, பூட்டு என்று தெரு திரும்பும் வரைக்கும் ரோஸ்லினுக்குச் சொல்லிக்கொண்டே போனாள்.

ரோஸ்லின் வாசலிலேயே நின்றாள். வண்டி ஏரிக்கரை ரோட்டில் ஏறியது கேட்டது. ஏற்ற இறக்கம் இல்லாமல் ஒரே சீராகப் போயிற்று. அப்பா பட்டனை அமுக்கிவிட்டார். கரை முடிகிற இடத்தில் ஒரு வேகத்தடை இருக்கிறது. அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள்.

சத்தம் இறங்கியது. நன்றாக இறங்கி, தடையைத் தாண்டி, மறுபடியும் மெல்ல ஏறிக் கன்னியக்கோயில் பக்கமாகத் தேய்ந்தது.

அவள் உள்ளே போய்ப் பாயில் விழுந்து தூங்கிப்போனாள்.