இடம் பிடித்த அங்கவஸ்திரம்

பெட்ரோல் விலை ஏறியதும் பட்டுக்கடை முதலாளி காசிநாதன் காரை ஷெட்டில் பூட்டிவிட்டு, ஐயம்பேட்டையிலிருந்து காஞ்சிபுரம் கடைக்குப் பஸ்ஸில் போக இறங்கிவந்தார். பஸ் நின்றதும் கண்டவனெல்லாம் அழுக்குத் துண்டை ஜன்னல் வழியே எறிந்து இடம் பிடித்தான். காசிநாதனோ, தன் கடையில் அசல் சரிகை என்று விற்கும் அங்கவஸ்திரத்தையே எறிந்தார். அதன்மேல் உட்கார எந்தப் பயலுக்குத் துணிச்சல் வரும்?

ஏறிப் பார்த்தால், பக்கத்து இருக்கையில் நெசவாளி தர்மன் அதன் கரையை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தான்.

“இது யாருதுபா? வெள்ளியே இல்ல, வெறும் செம்பு! எந்தக் கடைக்காரன் தலையில கட்டுனான்? மொதலாளி, உங்களுதா?”

பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. பாதிப்பேர் அவர் கடையில் முகூர்த்தப் புடவை எடுத்தவர்கள்.

“சீச்சீ, என்னுது இல்லப்பா!”

அவருடைய வெறுந்தோளை ஒருமுறை பார்த்த தர்மன், அந்த அங்கவஸ்திரத்தாலேயே இருக்கையைத் துடைத்து, மீன்காரி பூவம்மாளை உட்காரவைத்தான். கடைப்பெயரைக் காப்பாற்றிய முதலாளி, காஞ்சிபுரம்வரை நின்றுகொண்டே போனார்.