கண்ணாட்டி ஆகாதவள்

பாடகர் சாரங்கனின் ரசிகைகளுக்குத் தமிழ்நாடு முழுக்க ஒரே பெயர்தான்: கண்ணாட்டிகள். அவருக்குப் பேர் வாங்கிக்கொடுத்த முதல் பாட்டில் காதலியைக் கண்ணாட்டி, கண்ணாட்டி என்று கொஞ்சியிருந்தார். எந்தப் புண்ணியவானோ அதைப் பிடித்துக்கொண்டு டிவியில் சொல்லிவைக்க, காலேஜ் பிள்ளை முதல் பேரன் எடுத்தவள் வரை மணிக்கட்டில் ரோஸ் ரிப்பனைக் கட்டிக்கொண்டு கண்ணாட்டி ஆகிவிட்டார்கள். ராஜபாளையத்து நூல் மில் ஒன்றில் நூலைக் கோனில் சுற்றும் பிரிவில் பாதிப் பேர் ரிப்பன் கட்டிய கண்ணாட்டிகள். மீதிப் பேர் வீட்டுக்காரனுக்குப் பயந்து ரிப்பன் கட்டாத கண்ணாட்டிகள்.

வெள்ளத்தாய் மட்டும் இரண்டிலும் சேர்த்தி இல்லை. மம்சாபுரத்திலிருந்து மில் பஸ்ஸில் வந்து போகிறவள். சாரங்கன் பாட்டு ஓடாமல் அவள் வீட்டில் உலை கொதிக்காது. பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து போனைக் காதோடு ஒட்டவைத்துக்கொண்டால் மில் கேட் வரும்வரை யாரும் அவளிடம் பேச முடியாது. அப்படிப்பட்டவள், கண்ணாட்டி என்று யாராவது சொன்னால் மட்டும் முகம் சுண்டிப்போவாள்.

"ரிப்பனக் கட்டுங்கக்கா" என்பாள் பானுப்பிரியா. வெள்ளத்தாய்க்குப் பக்கத்து மெஷினில் நிற்கிற பிள்ளை, ஊர்க் கண்ணாட்டிகளுக்கெல்லாம் தலைவி. "எங்க எல்லாரையும் விட நீங்கதான் அவரு பாட்ட அம்புட்டுக் கேக்கீங்க. நீங்கதான் மூத்த கண்ணாட்டி."

"ஏட்டி, நான் பாட்டுக் கேக்கவ. அதோட நிறுத்திக்கோ. கண்ணாட்டி கிண்ணாட்டின்னா செவுட்டுல விட்டுருவேன்."

"அக்காவுக்கு வெக்கத்தப் பாருங்கட்டி" என்று பஸ்ஸே சிரிக்கும்.

வெட்கம் என்றே எல்லாரும் வைத்துக்கொண்டார்கள். சிரிக்க ஒரு காரணம் கிடைத்த பிறகு நிஜக் காரணத்தை யார் தேடிப் போகிறார்கள்? கண்ணாட்டிகளின் போன் நிறைய சாரங்கனின் படங்கள், பேட்டிகள், அவர் சாப்பிடுவது, விமானத்தில் ஏறுவது. வெள்ளத்தாய் ஒரு பேட்டி பார்த்ததில்லை. போஸ்டரில் அவர் முகத்தைக் கண்டால்கூட வேறு பக்கம் திரும்பிக்கொள்வாள். அந்த ஆளோடு அவளுக்கு ஒரு சோலியும் கிடையாது. அவளுக்கு வேண்டியது குரல்தான். ஏனென்றால் அது அவள் மகன் அழகுராஜாவின் குரல்.

அழகுராஜா பகலில் லோடு வண்டி ஓட்டினான். கோவில் கொடை, கல்யாணம் என்றால் சாயங்காலம் ஆர்கெஸ்ட்ராவில் பாடப் போய்விடுவான். சாரங்கன் பாட்டு என்றால் அவனைத்தான் மேடைக்குக் கூப்பிடுவார்கள். கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் அவனா இவனா என்று தெரியாது. மம்சாபுரம் சாரங்கன் என்றே நோட்டீஸில் போட்டார்கள். கச்சேரி முடிந்து நேரங்கெட்ட நேரத்தில் வந்து, "எம்மா, கதவத் தெற, பசிக்கி" என்று ராகம் போட்டுக் கூப்பிடுவான். அதைக் கேட்டுத் தெரு நாய் வாலாட்டும். இவள் எழுந்து, திட்டிக்கொண்டே சோறு போடுவாள். திட்டியதெல்லாம் இப்போது நெஞ்சில் நிற்கிறது.

போன வருஷத்துக்கு முந்தின வருஷம், ஸ்ரீவில்லிபுத்தூர் ரோட்டில் லாரிக்காரன் அவனையும் பைக்கையும் சேர்த்து அடித்துப் போட்டான். சட்டைப்பையில் இருந்த போன் அவன் விலா எலும்போடு சேர்ந்து நொறுங்கிவிட்டது. அவன் பாடியதெல்லாம் அதற்குள்தான் இருந்தது. கூட்டாளிகள் தேடித் தேடிக் கொண்டுவந்த வீடியோக்களில் டிரம்ஸ் சத்தமும் விசிலும்தான் இருந்தன. நடுவில் வாயசைக்கிறவன் தன் பிள்ளை என்று அவளுக்குத் தெரியும், ஆனால் சத்தம் வராது. முகத்துக்குப் போட்டோ இருக்கிறது, சட்டைக்கு அவன் வாசம் கொஞ்ச நாள் இருந்தது, குரலுக்கு மட்டும் ஒன்றுமே இல்லை.

முப்பதாம் நாள் காரியம் கும்பிட்டு வேலைக்குத் திரும்பிய முதல் வாரம், மில் கேன்டீனில் சாரங்கனின் புதுப்பாட்டு ஒன்றை யாரோ போட்டார்கள். வெள்ளத்தாய் சாப்பாட்டுத் தூக்கை அப்படியே கீழே விட்டாள். ரசம் தரையெல்லாம் ஓடியது. அழகுராஜா பாடிக்கொண்டிருந்தான். அவன் செத்த பிறகு வந்த பாட்டு, அவன் கேட்டே இருக்க முடியாத பாட்டு, அதையும் அவனே பாடிக்கொண்டிருந்தான். அன்றிலிருந்து அவள் ரசிகை.

இதை யாரிடம் சொல்ல? சொன்னால் பைத்தியம் என்பார்கள், இல்லையென்றால் பாவம் என்பார்கள். இரண்டுமே அவளுக்கு வேண்டாம். பிள்ளையின் குரலைக் கேட்கிறவளைப் போய்க் கண்ணாட்டி என்று கூப்பிட்டால், அது கேலியாகவா படும்? காதில் ஈயத்தைக் காய்ச்சி ஊற்றின மாதிரி இருக்கும் அவளுக்கு.

வீட்டுக்காரர் சீனிச்சாமி வன்னியம்பட்டிப் பக்கம் ஒரு தென்னந்தோப்பில் காவல் வேலை பார்த்தார். மகன் போனபிறகு வாய் பேசுவதே குறைந்துவிட்டது. சாயங்காலம் இவள் அடுப்படியில் பாட்டைப் போட்டதும் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விடுவார். டீக்கடையில் யாரோ அவரிடம், "என்ன மாமா, அத்தையும் கண்ணாட்டியாமே" என்று கேட்டதாகக் காதில் விழுந்திருந்தது. அவருக்கு அந்தக் கோபம்தான் என்று நினைத்துக்கொண்டாள். அவரிடம் சொல்லவும் அவளுக்கு நா எழவில்லை. ஆறாத புண்ணை அவள் ஏன் கீறிவிட வேண்டும்?

இப்படி இருக்கையில்தான், ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு நகைக்கடைத் திறப்புவிழாவுக்குச் சாரங்கன் பாட வருகிறார் என்று பெரிய பெரிய பேனர் முளைத்தது. அவர் கச்சேரிகளில் ஒரு வழக்கம் உண்டு. நடுவில் ஒரு ரசிகையை மேடைக்குக் கூப்பிட்டு, "என்ன வேணும் கண்ணாட்டி?" என்று கேட்பார். அவள் கேட்டதை அங்கேயே செய்வார். ஒருத்தி பூ வைக்கச் சொல்வாள், ஒருத்தி தன் பேரை வைத்துப் பாடச் சொல்வாள். பானுப்பிரியா யாரையும் கேட்காமல் வெள்ளத்தாயின் பேரைக் கொடுத்து வைக்க, குலுக்கலில் அதுவே விழுந்து தொலைத்தது.

"நான் வரலட்டி. மேடையேறி ஆடுத வயசா எனக்கு?"

"ஆட வேணாங்கா. என்னமும் கேட்டா செய்வாரு, அம்புட்டுத்தான்."

வெள்ளத்தாய் கோனைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றாள்.

"என்ன கேட்டாலுமா?"

"என்ன கேட்டாலும்."

அன்று முழுக்க மெஷின் இரைச்சலுக்குள் அவளுக்கு ஒரே ஒரு வாக்கியம்தான் கேட்டுக்கொண்டிருந்தது. எம்மா, கதவத் தெற, பசிக்கி. பாட்டில் அந்தக் குரல் யாரையோ கண்ணே என்கிறது, மலையே என்கிறது, மழையே என்கிறது. அவளைப் பார்த்து அம்மா என்று ஒரு தரம் சொன்னதில்லை. ஒரே ஒரு தரம் சொல்லிக் கேட்டுவிட்டால் போதும், சாகிறவரை அதை வைத்துக்கொண்டு இருந்துவிடலாம் என்று நினைத்தாள். அந்த ஆசைக்காக, ரெண்டு வருஷமாக விரட்டியடித்த ரிப்பனுக்கு மணிக்கட்டை நீட்டினாள். பானுப்பிரியா கட்டும்போது வெள்ளத்தாய் வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்தாள்.

விழா நடந்த மைதானத்தில் கால் வைக்க இடமில்லை. மேற்கே மலைக்குப் பின்னால் வெளிச்சம் இறங்கிக்கொண்டிருக்க, எங்கு பார்த்தாலும் ரோஸ் ரிப்பன். சாரங்கன் பாட ஆரம்பித்ததும் கண்ணாட்டிகள் கத்திய கத்தில் மைக்கே திணறியது. வெள்ளத்தாய் மேடைக்குப் பக்கத்தில் கண்ணை இறுக மூடிக்கொண்டு நின்றாள். அழகுராஜா பாடினான். இத்தனை கிட்டத்தில் அவன் பாடிக் கேட்டு எத்தனை நாளாகிவிட்டது! அவளுக்கு அழுகை வரவில்லை, சிரிப்புதான் வந்தது. பானுப்பிரியா அதைப் பார்த்துவிட்டு, "எங்க அக்காவுக்குக் கிறுக்கு முத்திருச்சு" என்று பக்கத்திலிருந்தவளைக் கிள்ளினாள்.

அப்புறம் பேரைக் கூப்பிட்டார்கள். படியேறினாள். நிகழ்ச்சி நடத்துகிற பையன் மைக்கை அவள் வாய்க்கு நேரே நீட்டி, "சொல்லுங்க, நான் சாரங்கனோட கண்ணாட்டின்னு சத்தமா சொல்லுங்க" என்றான்.

"நான் கண்ணாட்டி இல்லய்யா" என்றாள் வெள்ளத்தாய்.

மைதானம் கொல்லென்று சிரித்தது. பையனும் சிரித்தான். "அப்ப எதுக்கும்மா ரிப்பன் கட்டியிருக்கீங்க?" என்று கேட்டதற்கு இன்னொரு சிரிப்பு. வெள்ளத்தாய் சிரிக்காமல் நிற்பதைச் சாரங்கன் பார்த்தார். கையை உயர்த்திக் கூட்டத்தை அடக்கினார். பழி சொல்லக் கூடாது, நல்ல மனுஷன்தான். கிட்டே வந்து குனிந்து, மைக்கை மூடிக்கொண்டு, என்ன வேண்டும் என்று தலையசைத்துக் கேட்டார்.

"எம் மகன் செத்துட்டான் தம்பி. உங்க பாட்டத்தான் பாடுவான். உங்க கொரலும் அவன் கொரலும் ஒண்ணு. வீட்டுக்கு வந்தா, எம்மா, கதவத் தெற, பசிக்கின்னு கூப்பிடுவான். ஒரு தடவ அப்படிச் சொல்லிருங்க. பொறவு நான் போயிருதேன்."

சாரங்கனின் கண் கலங்கியது. கீபோர்டுக்காரரை நிறுத்தச் சொன்னார். ஒரு சத்தமும் இல்லை. மைக்கை வாய்க்குக் கொண்டுபோய், அவள் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்.

"அம்மா... கதவத் திறம்மா. பசிக்குது."

யாரோ ஒருவன் பேசினான். மெல்லிய குரல், கொஞ்சம் மூக்கிலிருந்து வருகிற குரல், பட்டணத்தில் வளர்ந்த ஒரு பையனின் குரல். பாட்டு இல்லாமல், தாளம் இல்லாமல் வந்த அந்தக் குரலில் அழகுராஜாவின் சாயல் ஒரு பொட்டுக்கூட இல்லை. வெள்ளத்தாய் அவர் முகத்தை அன்றுதான் முதன்முதலாக நேராகப் பார்த்தாள். தெரியாத முகம்.

அவள் கேட்டது என்னவென்று தெரியாமலே, அவர் அம்மா என்றதற்கே கீழே பெண்கள் வாய்விட்டு அழுதார்கள். ஆயிரம் போன்கள் வெளிச்சம் காட்டின. பானுப்பிரியா தேம்பித் தேம்பி அழுதாள். அழாதவள் வெள்ளத்தாய் ஒருத்திதான். ஏதாவது சொல்ல வேண்டுமே, அவரும் காத்துக்கொண்டு நிற்கிறாரே என்று, "நல்லா இருங்கய்யா" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினாள். பின்னால் அடுத்த பாட்டு ஆரம்பித்தது. கண்ணை மூடிப் பார்த்தாள். இறுக்கி மூடிப் பார்த்தாள். சாரங்கன் பாடிக்கொண்டிருந்தார்.

பிள்ளையைத் திரும்பவும் ஸ்ரீவில்லிபுத்தூர் ரோட்டில் தூக்கிக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்தாள் என்றுதான் நான் சொல்வேன். முதல் தடவை லாரிக்காரனைச் சபிக்கவாவது முடிந்தது. இந்தத் தடவை தானே போய் நின்று கேட்டு வாங்கிக்கொண்டது, யாரைச் சபிப்பாள்?

மறுநாள் மில் பஸ்ஸில் போன் அவள் இடுப்பிலேயே இருந்தது. பானுப்பிரியா பின்சீட்டிலிருந்து, வழக்கம்போல வம்புக்குத்தான், "மூத்த கண்ணாட்டி! ஏன் இன்னைக்குப் பாட்டு இல்ல?" என்று கத்தினாள். கத்திவிட்டு, திட்டு விழும் என்று தலையைக் குனிந்துகொண்டாள்.

"என்னட்டி?" என்று வெள்ளத்தாய் திரும்பிப் பார்த்தாள். அவ்வளவுதான். மறுத்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. இனிமேல் மறுக்க அவளிடம் என்ன இருக்கிறது? எல்லாரும் கேட்கிற ஒரு பாடகனை அவளும் கேட்டவள். பானுப்பிரியாவுக்கு என்னமோ போல் ஆகிவிட்டது.

சாயங்காலம் அடுப்படியில் பாட்டில்லாமல் சோறு வெந்தது. சீனிச்சாமி தோப்பிலிருந்து வந்து, கைகால் கழுவி, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நின்றார். வெளியே போகவில்லை.

"ஏன், பாட்டுப் போடலயா?"

வெள்ளத்தாய் நிமிர்ந்து பார்த்தாள். "உங்களுக்குத்தான் பிடிக்காதே. போட்டதும் எந்திச்சுப் போயிருவியளே."

"எங்க போறேன்? வீட்டுக்குப் பின்னால பம்பு ரூமுச் செவுத்துல சாஞ்சுதான் உக்காந்திருப்பேன்." அவர் தரையைப் பார்த்துக்கொண்டு பேசினார். "இங்க உக்காந்து ஒம் முன்னால அழுதா, நீயும் அழுவ. அதான் போயிருவேன். அங்கன இருந்து கேட்டா நம்ம பய வீட்டுக்குள்ள இருந்து பாடுத மாதிரியே இருக்கும்."

வெள்ளத்தாய் அடுப்பைத் தணித்தாள்.

"நேத்து ஸ்ரீவில்லிபுத்தூர்ல என்னமோ பேசுனியாமே. டீக்கடையில ஒருத்தன் போன நீட்டுதான், மாமா இந்த வீடியோவப் பாருங்கன்னு. வேண்டாம்னுட்டேன். அந்தாளு மூஞ்சியும் பேச்சும் எனக்கெதுக்கு? எனக்குப் பாட்டு போதும்" என்றார் சீனிச்சாமி. அப்போதுதான் அவள் மணிக்கட்டில் இன்னும் கிடந்த ரிப்பன் அவர் கண்ணில் பட்டது. பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, காப்புக் காய்த்த விரலால் முடிச்சைத் தடவித் தடவி அவிழ்த்தார். "இத எதுக்குக் கட்டிக்கிட்டு அலையுத? ஊர்க்காரனுக என்னமும் பேசிட்டுப் போறானுக. நீ கண்ணாட்டி இல்லட்டி. நீ அவனப் பெத்தவ."

அவளால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. இடுப்பிலிருந்து போனை எடுத்து, பாட்டைப் போட்டு, அடுப்புத் திண்டில் வைத்தாள்.

சீனிச்சாமி இந்தத் தடவை வெளியே போகவில்லை. சுவரில் சாய்ந்து கண்ணை மூடினார். கொஞ்ச நேரத்தில் மூடிய கண்ணிலிருந்து தண்ணீர் இறங்கியது.

"நம்ம பயலேதான், என்ன வெள்ளத்தாயி?"

"ஆமா" என்றாள்.

"இன்னுங் கொஞ்சம் சத்தமா வையி."

வைத்தாள்.